வைத்தியர் சொன்னது எனக்கு மட்டுமல்ல

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில் வைத்தியசாலையில் ஒரு துண்டு தருவார்கள். எனக்கும் தந்தார்கள். நான் அதை நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தேன். 10 நாட்கள் கழித்துத்தான் அது மறுபடியும் வெளியே வந்தது. அன்று நான் காய்ச்சலோடும் சீழ் கசியும் காயத்தோடும் அதே விடுதியின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சகோதரிகளே, இது 2018ஆம் ஆண்டு எனக்கு நடந்தது. அப்போது எனக்கு 44 வயது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு கிராமப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்தேன். "சொன்னதைச் செய்யுங்கோ பிள்ளையள்" என்று தினமும் 30 பிள்ளைகளுக்குச் சொல்பவள் நான். எனக்குச் சொன்னதை மட்டும் ஏன் செய்யாமல் விட்டேன்? அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நான் அறிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு சகோதரிக்காவது இது உதவினால் போதும்.

பொறுத்துக்கொண்ட இரண்டு வருடங்கள்

இரண்டு வருடங்களாக மாதவிடாய் நாட்களில் எனக்கு அதிகமாக இரத்தம் போய்க்கொண்டிருந்தது. "வயது போகிற காலம், அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் தலைசுற்றி விழுந்த பின்னர்தான் வைத்தியசாலைக்குப் போனேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே அது இரத்தசோகை.

ஸ்கான் செய்து பார்த்தபோது கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள் இருப்பது தெரிந்தது. ஃபைப்ரொயிட் என்று சொல்வார்கள். இவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பல பெண்களுக்கு இக்கட்டிகள் இருப்பதே தெரியாது, சத்திரசிகிச்சையும் தேவைப்படாது. எனக்கோ கட்டிகள் பெரியவை. மருந்துக்கும் இரத்தப்போக்கு அடங்கவில்லை. ஆகவே இரும்புச்சத்து மாத்திரை தந்து, இரத்தமும் ஏற்றி, உடம்பைத் தேற்றிய பிறகு வயிற்றின் கீழ்ப்பகுதியில் வெட்டிக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். சூலகங்கள் இரண்டையும் அப்படியே விட்டிருந்தார்கள். அரசாங்க வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

ஐந்தாம் நாள் துண்டு வெட்டினார்கள். தாதி ஒருவர் கட்டிலருகே வந்து பொறுமையாகச் சொன்னார். 6 கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. குனிந்து நிமிரும் வேலை வேண்டாம். அன்டிபயோட்டிக் மாத்திரையை முடியும்வரை குடிக்க வேண்டும். நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும். மெதுவாக நடக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸி, ஓம் மிஸி" என்று தலையாட்டினேன். என் மனம் முழுவதும் வாசலில் நின்ற ஓட்டோவில்தான் இருந்தது. என் கணவர் பொருட்களை எடுத்துக்கொண்டு முன்னே போய்விட்டார். தாதி சொன்னதைக் கேட்டது நான் ஒருத்தி மட்டுமே.

பாடசாலைக்கு லீவு, குசினிக்கு இல்லை

பாடசாலைக்கு 6 கிழமை மருத்துவ லீவு எடுத்திருந்தேன். அந்த லீவை ஒருவரும் மறுக்கவில்லை. என் வகுப்பை இன்னொரு ஆசிரியை பொறுப்பெடுத்தார். நேரசூசியும் மாற்றி எழுதப்பட்டது. ஆனால் வீட்டில் எந்த நேரசூசியும் மாறவில்லை.

என் வீட்டாரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. கணவர் அன்பானவர். காலை 6 மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மாமிக்கு அப்போது 70 வயது, முழங்கால் வருத்தம். மகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாலு நாளும் என் மூத்த மச்சாள் வந்து சமைத்துத் தந்தார். அவர் போன பிறகு, யார் சமைப்பது என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காலையில் எழும்பினேன், அடுப்பை மூட்டினேன். வெளிக்காயம் காய்ந்திருந்தது, நோவும் குறைந்திருந்தது. "வீட்டிலைதானே நிக்கிறன், சும்மா இருந்து என்ன செய்ய?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வருத்தம் பார்க்க வந்தவர்களையும் சொல்லத்தான் வேண்டும். பிஸ்கட்டும் மா வகைகளும் தோடம்பழமும் கொண்டு அன்போடு வந்தார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப எங்களுக்கு மனம் வருமா? 11ஆம் நாள் பின்னேரம் மட்டும் ஒன்பது பேர் வந்தார்கள். "எழும்பாதையுங்கோ ரீச்சர்" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எழும்பிப்போய் ஒன்பது தேத்தண்ணியும் போட்டேன். எல்லோரும் குடித்தார்கள்.

ஒரு வாளி தண்ணீர்

12ஆம் நாள் காலையில் மின்சாரம் நின்றது. மோட்டர் ஓடவில்லை, தாங்கியில் தண்ணீர் இல்லை. மகள் பாடசாலைக்குப் போகக் குளிக்க வேண்டும். கிணற்றில் கப்பியும் கயிறும் இருந்தன. "ஒரு வாளிதானே" என்று அள்ளினேன்.

10 லீற்றர் தண்ணீர் 10 கிலோ. அதைக் கிணற்றின் ஆழத்திலிருந்து இழுக்கும்போது கை மட்டும் வேலை செய்வதில்லை. வயிற்றுத் தசைகள் எல்லாம் இறுகுகின்றன. மூன்றாவது வாளியில் உள்ளே எதுவோ சுண்டி இழுத்தது போல இருந்தது. கிணற்றுக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு எழும்பி நாலாவது வாளியையும் அள்ளினேன்.

அடுத்த நாள் சட்டையில் ஈரம் தெரிந்தது. காயத்தின் ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் சுட்டது. அன்றிரவே காய்ச்சல். இரண்டு பெனடோல் குடித்துவிட்டுப் படுத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கணவர் வேலையை விட்டுவிட்டு நிற்க வேண்டும், மகளின் படிப்புக் கெடும், மாமி பயப்படுவார். இப்படி இரண்டு நாள் மறைத்தேன். 15ஆம் நாள் காலையில் நடுக்கத்தோடு கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்த என்னை மகள்தான் கண்டாள்.

"வீட்டிலை ஆர் சமைக்கிறது?"

விடுதியில் என் காயத்தைப் பார்த்த பெண் வைத்தியர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தையல்கள் சிலவற்றைப் பிரித்துச் சீழை வெளியேற்றிக் கழுவினார்கள். சீழில் ஒரு துளி பரிசோதனைக்குப் போனது. நாளத்தின் வழியே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். பின்னேரம் அவர் மறுபடியும் வந்து, கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"வீட்டிலை ஆர் சமைக்கிறது?"

"நான்தான்."

"தண்ணி அள்ளுறது?"

"மோட்டர் இருக்கு. அண்டைக்கு மட்டும் நான்."

"மாத்திரை முடிச்சீங்களோ?"

"நோ இல்லாதபடியால் மூண்டு நாளோடை நிப்பாட்டிட்டன்."

"என்ன சாப்பிட்டீங்கள்?"

"சோறும் ரசமும். மாமி மீன், முட்டை வேண்டாமெண்டவ."

இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது என்று அவர் விளக்கினார். இரத்தசோகை இருந்த உடம்பு, புரதம் இல்லாத சாப்பாடு, பாதியில் விட்ட மாத்திரை, காயத்துக்கு வந்த பாரம், இரண்டு நாள் தாமதம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பிறகு, "நாளைக்கு உங்கடை கணவரையும் மாமியையும் வரச்சொல்லுங்கோ. நான் அவையோடை கதைக்க வேணும்" என்றார்.

என் கேள்விக்கு விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. 6 கிழமை ஓய்வு என்பது என் பெயரில் எழுதப்பட்ட கட்டளை. ஆனால் அதை நான் தனியே நிறைவேற்ற முடியாது. நான் அள்ளாத தண்ணீரை இன்னொருவர் அள்ள வேண்டும், நான் ஆக்காத சோற்றை இன்னொருவர் ஆக்க வேண்டும். அந்த இன்னொருவருக்கு யாருமே எதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

மறுநாள் வைத்தியர் மூவரையும் இருத்தி விளக்கினார். மாமி, "கிரந்திச் சாப்பாடு குடுத்தால் காயம் சீழ் பிடிக்குமெண்டு பயந்தன் பிள்ளை" என்றார். வைத்தியர் சிரித்துக்கொண்டே, "இவ பிள்ளை பெத்தபோது நீங்கள் என்ன சமைச்சுக் குடுத்தீங்கள் அம்மா?" என்று கேட்டார். "மீன் போட்டுச் சரக்குக் கறி." "அதுதான் அம்மா இப்பவும் வேணும். இதுவும் அப்பிடியான பச்சை உடம்புதான்." மாமியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தச் சமையலுக்கு அவரே பொறுப்பு.

ஏன் 6 கிழமை?

"வெளியிலே காய்ந்துவிட்டதே, பிறகேன் 6 கிழமை?" என்று பலர் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வயிற்றில் தோல், அதன் கீழ் கொழுப்பு, அதன் கீழ் உறுதியான ஒரு சவ்வு, தசை என்று பல படைகள் உள்ளன. தோல் இரண்டு கிழமைக்குள் ஒட்டிவிடும். குடலையும் உள்ளுறுப்புகளையும் தாங்கிப் பிடிப்பதோ அந்த உறுதியான சவ்வு. அது ஆற மாதங்கள் எடுக்கும். 6 கிழமை முடியும்போதுகூட அது தன் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் திரும்பப் பெற்றிருக்கும். அதற்கு முன் பாரம் தூக்கினால் அந்த இடம் இளகி, பின்னாளில் குடல் பிதுங்கும் நிலை வரலாம். அதைத் திருத்த இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும்.

எது பாரம் என்று எனக்கு ஒரு நல்ல அளவு சொல்லித் தந்தார்கள்: தண்ணீர் நிரம்பிய ஒரு கேத்தலை விடப் பாரமான எதுவும் வேண்டாம். அப்படிப் பார்த்தால் தண்ணீர் வாளி, ஈர உடுப்புக் கூடை, அரிசி மூட்டை, தூக்கச் சொல்லி அழும் குழந்தை எல்லாமே பாரம். 12.5 கிலோ காஸ் நிரம்பிய சிலிண்டரை நகர்த்த நினைக்கவே கூடாது. இரும்பின் நிறையும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டிவிடும். குந்தியிருந்து தேங்காய் திருவுவது, முற்றம் கூட்டுவது, உடுப்பு அடித்துத் தோய்ப்பது, சைக்கிள், ஸ்கூட்டர் ஓடுவது எல்லாவற்றையும் மறுபரிசோதனைவரை தள்ளிப்போடுங்கள். கணவன் மனைவி உறவும் அப்படியே. உள்ளே இருக்கும் தையலும் ஆற வேண்டும். வைத்தியர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பொறுத்திருப்பது இருவருக்கும் பொறுப்பு. சொல்ல வெட்கமாக இருந்தால் கணவருக்கும் விளக்கும்படி தாதியிடமே கேளுங்கள்.

படுத்தே கிடப்பதும் பிழை

ஓய்வு என்றால் கட்டிலோடு கிடப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். அதுவும் ஆபத்து. அசையாமல் கிடந்தால் காலின் உள்நாளங்களில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளே எழும்பி நடக்கச் சொல்கிறார்கள். வீட்டிலும் ஒரே தடவையில் நீண்ட தூரம் நடக்காமல், ஐந்து பத்து நிமிடமாக ஒரு நாளில் பல தடவை நடக்கலாம். படுத்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைக்கலாம். ஆழமாக மூச்சு எடுத்துவிடுவது நுரையீரலில் சளி தேங்காமல் காக்கும்.

கட்டிலிலிருந்து எழும்ப ஒரு முறை உண்டு. நேரே நிமிர்ந்து எழும்பாதீர்கள். முழங்காலை மடித்து, ஒரு பக்கம் சரிந்து, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். இருமல், தும்மல் வந்தால் ஒரு சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். குண்டும் குழியுமான றோட்டில் ஓட்டோவில் போகும்போதும் அதே தலையணை உதவும். இந்தச் சின்ன விடயம் எனக்கு முதற் தடவையே சொல்லப்பட்டது. நான்தான் காதில் வாங்கவில்லை.

சாப்பாடும் மாத்திரையும்

காயம் ஆறுவதற்கு உடம்புக்குப் புரதம் வேண்டும். மீன், முட்டை, கோழி இறைச்சி, பருப்பு, பயறு, கடலை, பால் எல்லாம் சாப்பிடலாம். விலை கூடிய மீன்தான் வேண்டும் என்றில்லை. நெத்தலியும் சூடையும் போதும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பருப்பையும் பயறையும் கூட்டிக்கொள்ளலாம். கீரை, பப்பாப்பழம், தோடம்பழம், கொய்யாப்பழம் சேருங்கள். ஏதாவது ஒரு சாப்பாடு உங்களுக்கு முன்பே ஒத்துக்கொள்ளாது என்றால் அதை மட்டும் விடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சீனி அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். சீனி கூடினால் காயம் ஆறுவது தாமதமாகும், கிருமியும் இலகுவில் தொற்றும்.

மலச்சிக்கல் வந்து முக்கினால் அந்த அழுத்தமும் காயத்துக்குத்தான். தண்ணீரும் நார்ச்சத்தும் அதைத் தடுக்கும். போதாவிட்டால் வைத்தியரிடம் மருந்து கேளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடிக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. தேயிலையில் உள்ள பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் ஒன்றிரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் இரும்பு நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையால் வருவது.

அன்டிபயோட்டிக் மாத்திரை நோவுக்கு அல்ல, கிருமிக்கு. நோ நின்றதும் மருந்தை நிறுத்தாமல், தந்த நாட்கள் முடியும்வரை குடியுங்கள். நோவுக்கான 500 மில்லிகிராம் பரசிற்றமோலை ஒரு தடவைக்கு இரண்டு, குறைந்தது நாலு மணித்தியால இடைவெளி, நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் இல்லை என்ற அளவைத் தாண்டக் கூடாது. தடிமன் காய்ச்சலுக்கு விற்கும் சில மாத்திரைகளிலும் இதே மருந்து இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஈரல் வருத்தமோ வேறு நோயோ உள்ளவர்கள் தங்களுக்குரிய அளவை வைத்தியரிடம் கேட்டே குடிக்க வேண்டும்.

காயத்தில் எண்ணெய், மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் பூசாதீர்கள். குளிக்கச் சொன்ன நாளிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் குளித்து, சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும்.

மறைக்கக் கூடாதவை

நான் மறைத்த இரண்டு நாளும் எனக்கு எட்டு நாள் விடுதி வாழ்க்கையையும், அதன்பின் மூன்று கிழமை தினமும் மருந்து கட்டப் போகும் அலைச்சலையும் தந்தன. 6 கிழமை லீவு மூன்று மாதமானது. ஆகவே இந்த அறிகுறிகளை மனதில் வையுங்கள்.

38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் அல்லது நடுக்கம். காயம் சிவத்தல், வீங்குதல், சூடாதல், சீழ் அல்லது கெட்ட மணம். காயம் பிரிதல். நாளுக்கு நாள் கூடும் வயிற்று நோ, நிற்காத வாந்தி. சலம் போக முடியாமை அல்லது எரிவு. யோனி வழியே புது இரத்தம் அதிகமாகப் போதல். முதல் சில கிழமைகளில் சிறிதளவு கசிவு இருக்கலாம். துணி நனையுமளவு போனால் அது வேறு. இவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி நொந்தால் அன்றே காட்டுங்கள். திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை நாடு முழுவதும் இலவசம்.

வெளிக்கிடமுன் கேளுங்கள்

துண்டு வெட்டும் நாளில் அவசரப்படாதீர்கள். அந்த அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். என்ன சத்திரசிகிச்சை செய்தார்கள், சூலகங்களை விட்டார்களா எடுத்தார்களா என்று தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு சூலகங்களையும் எடுத்திருந்தால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வரும் உடற்சூடு, வியர்வை, நித்திரையின்மை உடனேயே தொடங்கலாம். அதற்கு என்ன செய்வது என்றும் கேளுங்கள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எத்தனை நாள்? தையல் வெட்ட வேண்டுமா, தானே கரையுமா? எந்தத் திகதியில் கிளினிக்?

இன்னொன்றும் உண்டு. அகற்றிய கர்ப்பப்பையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பரிசோதிப்பார்கள். அதன் அறிக்கை எப்போது வரும் என்று கேட்டு, மறக்காமல் போய் எடுங்கள். காயம் ஆறிவிட்டது, இனியென்ன என்று அதை எடுக்காமலே விடுபவர்கள் இருக்கிறார்கள். கட்டி சாதாரணமானதா இல்லையா என்பதைக் கடைசியாகச் சொல்வது அந்தக் கடதாசிதான். என்னுடையதில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று வைத்தியர் வாசித்துச் சொன்னபோதுதான் என் கணவர் முதற் தடவையாகக் கண்கலங்கியதைப் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவற்றைக் கேட்கும்போது வீட்டிலிருந்து ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

சுவரில் ஒட்டிய துண்டு

இரண்டாம் முறை நான் வீட்டுக்கு வந்தபோது அந்தத் துண்டு கைப்பைக்குள் போகவில்லை. மகள் அதிலிருந்ததைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள். அதற்குப் பக்கத்தில் என் கணவர் ஒரு நேரசூசி போட்டார். தண்ணீர் அவர். காலைச் சோறு மகள். மீன் கறி மாமி. உடுப்புத் தோய்க்கக் கிழமைக்கு இரண்டு நாள் ஒருவரை ஒழுங்குசெய்தார். தேத்தண்ணி, பார்க்க வருபவர்களே போட வேண்டும்! மச்சாள் சிரித்துக்கொண்டு தானே போய்ப் போட்டுக் குடித்தார். எனக்கும் ஒன்று தந்தார்.

சோறு சில நாள் குழைந்தது, உடுப்பு மடிக்கப்படாமல் கிடந்தது. கதிரையில் இருந்தபடி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு மிகக் கஷ்டமான மருந்து. பல தடவை எழும்பப் போனேன். மகள் சுவரைக் காட்டினாள். நான் மறுபடியும் இருந்தேன்.

ஒருநாள் இரவு என் கணவர், "அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் தண்ணி அள்ளி வைச்சிட்டுப் போயிருப்பனே" என்றார். உண்மைதான், அவர் அள்ளியிருப்பார். கேட்பது குறைவு என்று நான்தான் நினைத்தேன். வீட்டு வேலையை இன்னொருவரிடம் கேட்பது எனக்குக் கடன் கேட்பது போல இருந்தது.

சகோதரிகளே, வைத்தியர் சொன்னதைக் கேட்டு நடப்பது பணிவு மட்டுமல்ல; உங்கள் உடம்புக்கு நீங்கள் செய்யும் நீதி. அந்த நீதியைச் செய்ய வீட்டார் எல்லோருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். உங்கள் வீட்டில் ஒரு தாயோ மருமகளோ சத்திரசிகிச்சை முடிந்து வந்தால், பிஸ்கட் பெட்டியோடு மட்டும் போகாதீர்கள். அந்தத் துண்டை வாங்கி வாசியுங்கள். பிறகு, "இதிலை நான் என்ன செய்ய வேணும்?" என்று கேளுங்கள்.

எங்கள் குசினிச் சுவரில் அந்தக் கடதாசியின் ஒட்டுத் தடம் இன்னும் இருக்கிறது. வெள்ளை அடிக்கும்போது என் கணவர் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார். மின்சாரம் நிற்கும் நாட்களில் நான் கேட்காமலே அவர் கப்பிக் கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறார்.